ஒட்டுத்தாடி

என் தம்பி லண்டனில் நடிகன். அங்கே பத்திரிகைகள் அவனை இந்திய வம்சாவளி நடிகர் என்று எழுதுகின்றன. "இலங்கையன், கல்முனைக்காரன் எண்டு சொல்லித் திருத்தினா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "திருத்தினா வாற வேசமும் வராது ராத்தா" என்றான். அதற்குப் பிறகு அக்காவான நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கணக்கியல் படிக்கப் போனவன். இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு நாடகத்தில் சேர்ந்தான். வாப்பா மூன்று மாதம் அவனோடு கதைக்கவில்லை. பிறகு, தான் மௌத்தாகும்வரை, மகன் ஏதோ கந்தோரில் வேலை செய்வதாகவே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி முதலில் மேடையில் ஈட்டி பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு டாக்சிக்காரன், மருந்துக்கடைக்காரன், பொலிஸ் தேடுகிற இளைஞனின் தகப்பன். ஒரு தொடரில் நான்கு வருடம் வைத்தியராக இருந்தான். நாற்பது தாண்டியதும் கிழவன் வேடங்கள் வரத் தொடங்கின.

உம்மா எல்லாவற்றையும் என் போனில் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, கதை என்னவென்று கேட்கவும் மாட்டார். அவன் சாப்பாட்டு மேசையில் உட்காரும் காட்சி வந்தால் மட்டும் போனைப் பறித்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடிப்பார். "இஞ்ச பாரு, கரண்டிய வாய்க்குக் கொண்டு போறான், ஆனா ஒண்டும் திங்கல்ல" என்பார். அவனோடு கதைக்கும்போதும் இதே கதைதான். ஒரே காட்சியைப் பலமுறை எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் விழுங்கினால் வயிறு தாங்காது என்று அவன் விளக்கிப் பார்த்தான். "பொறகு எதுக்கு மேசையில சோத்த வெக்கிறாங்க?" என்று உம்மா கேட்டார்.

போன வருடம் ஒரு புதன்கிழமை காலையில் உம்மா மௌத்தானார். அதற்கு முன் இரண்டு நாள் அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. கஞ்சியைக் கரண்டியில் கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொண்டார்.

அன்று பின்னேர அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்காக மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. தம்பிக்குச் சொன்னேன். "இப்ப பிளேன் ஏறினாலும் மண்ணத்தான் பாப்பன்" என்றான். "மூடுறதுக்கு முதல் முகத்த ஒருக்காக் காட்டுங்க ராத்தா. அது போதும்." அவன் குரலில் ஒன்றும் இல்லை. என் குரலிலும் இல்லை. வந்தவர்களுக்குக் கதிரை போடச் சொன்னேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணீரைப் பங்கிட்டேன். யாராவது கட்டிப்பிடித்தால் நின்று கொடுத்தேன். உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. நான் அழவில்லையே என்று சிலர் பார்த்ததும் தெரிந்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். குளிப்பாட்டியவர் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண் மௌத்தானாலும் வருகிறவர். எல்லோருக்கும் அவர் மாமி. கண்டிப்பானவர். போன் உள்ளே வரக்கூடாது என்றார். தம்பிக்கு மட்டும் என்று கெஞ்சினேன். "மகனெண்டா காட்டலாம். வேற ஆம்புள ஒருத்தரும் பாக்கப்படா" என்றார்.

வீடியோ அழைப்பில் வந்தது ஒரு கிழவன். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, சுருங்கின கன்னம், தலைப்பாகை. மாமி உடனே துணியை இழுத்து உம்மாவின் முகத்தை மூடினார்.

"ஆரு புள்ள இந்த மனிசன்?"

"தம்பிதான் மாமி. வேசம் போட்டிரிக்கான்."

"உன்ட தம்பிய எனக்குத் தெரியாதா? அவனுக்கு நாப்பத்தஞ்சு வயசு. இவருக்கு எம்பது."

செய்தி கேட்ட பிறகும் அவன் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறான். மணிக்கணக்காக உட்காரவைத்து அந்த முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் தேத்தண்ணீர் பங்கிட்டேன், அவன் வேலைக்குப் போனான், அவ்வளவுதான்.

"மாமி, நான்தான்" என்றான் கிழவன். இருபத்தைந்து வருடம் ஊரில் இல்லாதவனின் குரல் மாமிக்கு எப்படித் தெரியும்?

"மையித்து என்ட கையில ஒப்படைச்ச அமானிதம். வாய் பேசேலாத மனிசி எண்டு கண்டவனுக்கும் காட்டேலாது. மகனெண்டா முகத்தக் காட்டச் சொல்லு" என்றார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் மையித்தையும் இவரே பார்த்துக்கொண்டால் நல்லது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

வெளியே அஸருக்குப் பாங்கு கேட்டது. மையித்தைக் கொண்டுபோகும் சந்தூக்கைத் தூக்க ஆண்கள் வாசலில் வந்து நின்றார்கள். தம்பிக்குப் பின்னால் ஒரு பெண்குரல் இன்னும் ஐந்து நிமிடம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. லண்டனில் அப்போது காலை. தாடியைக் கழற்றினால் அவனுக்காக நிற்கிற அத்தனை பேரும் மத்தியானம்வரை சும்மா நிற்க வேண்டும். அவன் யோசிப்பது திரையில் தெரிந்தது. பிறகு காதடியில் நகத்தை வைத்து இழுத்தான். பசை தோலோடு பிடித்திருந்தது. ஒரு பக்கம்தான் வந்தது. சிவந்துபோன கன்னமும் தாடையில் பழைய தழும்பும் தெரிந்தன. மற்றப் பக்கம் கிழவன் அப்படியே இருந்தான்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். சின்ன வயதில் அவன் சைக்கிளால் விழுந்தபோது இரத்தத்தோடு தூக்கி வந்தவரே அவர்தான். தழும்பைப் பார்த்தார். "ஓம், இவன்தான்" என்று துணியை விலக்கினார்.

தம்பி பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேடையில் எத்தனையோ தடவை அழுதவன், அழவில்லை. "உம்மா சாப்பிட்டாவா ராத்தா?" என்று மட்டும் கேட்டான்.

"ஓம். விடிய கஞ்சி குடிச்சா" என்றேன்.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். உம்மாவின் முகத்தை மூடி முடிச்சுப் போட்டார்.

அன்று எடுத்த காட்சியோடு படம் இந்த வருடம் வந்தது. கிழவன் ஒரு கல்யாண வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். முன்னால் சோறு. தாடியின் ஒரு பக்கம் திரும்ப ஒட்டியது என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். சோற்றை எடுத்தான், மென்றான், விழுங்கினான். தொண்டை அசைந்தது. திரும்பவும் எடுத்தான்.

அவனுக்கு அழைப்பு எடுத்தேன். "படம் பாத்தன். சாப்பிட்டிரிக்காய்" என்றேன்.

"ஓம். பதினாலு தரம் எடுத்தாங்க. பதினாலு தரமும் திண்டன்" என்றான். பிறகு, "உம்மாதான் அண்டைக்கு ஒண்டும் திங்கல்ல, என்ன ராத்தா?" என்றான்.

"இல்ல, ஒண்டும் இறங்கல்ல" என்றேன். அன்று வராத அழுகை அப்போது வந்தது. அவன் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.