சாரோங் கட்டிய மாதாவோடு சாஆவுக்கு

காலை ஏழு மணி, லார்க்கின் பேருந்து நிலையம். சாஆ என்ற சிற்றூருக்கு டிக்கெட் பதினைந்து ரிங்கிட். மடியில், செய்தித்தாள் சுற்றிய, கண்ணாடிச் சட்டம் போட்ட படம். தெப்ராவ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா புது வீடு கட்டியிருக்கிறாள். பதினோரு மணிக்கு ஃபாதர் வந்து வீட்டை மந்திரிப்பார். "மாதா படம் நீதான் வாங்கியாரணும், ஆணி அடிச்சு வச்சிட்டேன்" என்றிருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? எல்லார் வீட்டிலும் தொங்கும் நீல முக்காட்டு மாதாவை விட்டுவிட்டு, நூறு வருடத்துக்கும் முன்பு ஒரு பிரெஞ்சு ஓவியர் பசிபிக் தீவு வாழ்க்கையை வைத்துச் செய்த அச்சுப்படத்தின் நகலை வாங்கிவிட்டேன். மாதா தீவுப் பெண்ணாக, கைலிபோல் சாரோங் கட்டியிருக்கிறார். குழந்தை இயேசு தோளில். கறுப்பு வெள்ளைதான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

எட்டரைக்குப் பேருந்து ஆயர் ஈத்தாமில் நின்றது. மண்சட்டியோடு ஏறிய அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, செய்தித்தாள் விலகியிருந்த இடத்தில் எட்டிப் பார்த்தார்.

"மாதாவா? அலமாக், நம்ம கம்பத்து ஆளு மாதிரி இருக்காங்க லா!"

நம் கிராமத்துப் பெண் போலவா! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பத்து மணிக்கு சாஆ. ஸ்டெல்லாவின் மாமியார் லூர்தம்மாவிடம் படத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"உங்க அம்மாவா? பாவம், சின்ன வயசுலயே தவறிட்டாங்களா?"

நம் வீடுகளில் கறுப்பு வெள்ளையில் சட்டம் போட்டால் வேறென்ன அர்த்தம்? நான் வாய் திறப்பதற்குள் அவர் கையிலிருந்த மல்லிகை மாலை படத்தில் ஏறிவிட்டது. ஸ்டெல்லா முகத்தில் ஈயாடவில்லை. ஃபாதர் வர ஒரு மணி நேரம். வேறு படமும் கிடையாது. நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேனே!

"அம்மா... இது மாதா" என்றேன்.

"மாதா ஏன் சாரோங் கட்டணும்?"

மாலையை விலக்கிக் கிட்டப் பார்த்தார். இரண்டு தலைகளையும் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரிந்தது. அவர் பார்வையோ குழந்தையிடம் நின்றுவிட்டது.

"பிள்ளைக்குத் தூக்கம். அதான் அம்மா தலையில சாஞ்சிருக்கு" என்றவர், ஸ்டெல்லாவின் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "உன்னை இப்படித்தான்டா தூக்கிட்டு விடியக்காலைல பெரட்டுக்குப் போவேன். நானும் சாரோங்தான்."

பேர் கொடுத்துத் தோட்ட வேலைக்கு நிற்கும் அந்தப் பெரட்டு வரிசையில் தோளில் தூங்கியவர், இன்று வாசல் கொள்ளாத ஆள். வெட்கப்பட்டு, தானே படத்தை ஆணியில் மாட்டினார்.

"மாலையை எடுத்துடவாம்மா?" என்றாள் ஸ்டெல்லா.

"இருக்கட்டும். மாதாவுக்கும் போடுவோம்ல!"

பதினொன்றுக்கு வந்த ஃபாதர் படத்தைப் பார்த்துச் சிரித்தார், தீர்த்தம் தெளித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்று மணி பேருந்தில் திரும்பினேன். எங்கள் வீட்டுச் சுவரில் நீல முக்காட்டு மாதா. கையில் குழந்தை விறைப்பாக, முழுத் தூக்கம் தூங்கி எழுந்ததுபோல. இந்தக் குழந்தையையும் யாராவது ஒருநாள் தோளில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அம்மா காப்பியோடு வந்தார். "போன காரியம் எப்படி?"

"நல்லா நடந்துச்சும்மா. உனக்கு மாலையே போட்டுட்டாங்க."

முழுக் கதையையும் கேட்டு முடித்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"நல்ல மல்லிதானே?"