நான் நேர்ந்துகொள்ளாத வேண்டுதல்

நாம் நேர்ந்துகொள்ளாத வேண்டுதலை நாம் செலுத்தத்தான் வேண்டுமா? ஆய்வேட்டை முடித்து, பட்டமும் வாங்கி, அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகும் இந்த ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை.

கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்தபோது, பாதியில் நின்ற எம்.எஸ்ஸி. ஆய்வையும் சீர் சாமான்களோடு கொண்டுவந்தேன். பாத்திரங்களுக்கு இந்த வீட்டில் உடனே இடம் கிடைத்தது. ஆய்வுக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் மகன் பிறந்து தவழவும் தொடங்கிவிட்டான். அப்போதுதான் சென்னையிலிருந்த என் பேராசிரியர், அடுத்த ஆண்டுக்குள் ஆய்வேடு வராவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும் என்று சொல்லியனுப்பினார்.

என் கணவர் பிரெஞ்சுக்காரர் காலத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் வாயில் ‘தீசிஸ்’ என்பது பிரெஞ்சில் ‘தேஸ்’. மாமியாருக்கு ‘தீஞ்சிசு’. ஆய்வு நினைப்பில் நான் சோற்றை அடிப்பிடிக்க விட்ட நாளில் எல்லாம் கூடத்திலிருந்து குரல் வரும்: “ஏண்டி, தீஞ்சிசு வாடை வருது, முடிஞ்சிட்டு போலருக்கே!”

ஆய்வு என்னவோ எளிமையானதுதான். கடற்கரை மணல் காற்றில் நகர்ந்து சவுக்குக் கன்றுகளை மூடிவிடுகிறது. கன்றைச் சுற்றி அடும்புக் கொடியைப் படரவிட்டால் மணல் நிற்குமா, கன்று பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். திருவேட்டக்குடிக் கடற்கரையில் கன்றுகளை நட்டேன். பாதிக் கன்றுகளுக்கு அடும்பு. மீதிப் பாதி மொட்டை. அவற்றின் பக்கம் கொடி வந்தால் பிடுங்கிவிட வேண்டும். வேர் பிடித்த பிறகு இரண்டுக்குமே தண்ணீர் கிடையாது. மொட்டைக் கன்றுகள் நன்றாகச் செத்தால்தான் என் ஆய்வு நன்றாகப் பிழைக்கும். இதை நான் யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை. பால்குடி மறக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி நினைக்கலாமா என்று எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

மொட்டைக் கன்றுகளுக்கு அடையாளம் வேண்டியிருந்தது. தகரச் சீட்டு கட்டிப் பார்த்தேன்; உப்புக் காற்றில் துருவேறி உதிர்ந்துவிட்டது. மாமியாரிடம் ஒரு பழைய வேட்டி கேட்டேன்.

“செடிக்குக் கட்டவா? வெறுந்துணியைக் கட்டினா செல்லரிச்சுடும். மஞ்சள்ல நனைச்சுக் கட்டு” என்றார்.

எந்தச் செடிக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவரே கிழித்து, மஞ்சளில் நனைத்து, முற்றத்துக் கொடியில் உலர்த்தியும் கொடுத்தார்.

துணி கட்டி வந்த கொஞ்ச நாளில் மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிதம் நின்றது, மீன் நின்றது, கடற்கரையும் நின்றது. எங்கள் தெருவுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் அக்காவுக்குத் திருவேட்டக்குடிதான் ஊர். வேப்பிலையைப் பார்த்ததும் கூடையை இறக்காமல் எட்டவே நின்றார்.

“யாருக்கும்மா? புள்ளைக்கா?”

“ஆமாங்க்கா.”

“ஒண்ணும் ஆவாது. நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் யோசிக்கவே இல்லை. பிள்ளையின் முதுகில் முத்து புதிதாக வந்திருக்கிறதா, பழையதுதானா என்று பார்ப்பதிலேயே பொழுது போயிற்று. கொஞ்சம் வேப்பிலையால் வருடினால் போதாதோ, அதிகம் வருடினால் புண்ணாகுமோ என்பதே அப்போது எனக்குப் பெரிய ஆராய்ச்சி.

முத்து உதிர்ந்து, மூன்றாம் தண்ணீரும் ஊற்றிய பிறகு கடற்கரைக்குப் போனேன். அடும்பு படர்ந்த கன்றுகள் நான் எதிர்பார்த்தபடி பிழைத்திருந்தன. சாக வேண்டிய மொட்டைக் கன்றுகளோ அவற்றைவிட அரைச்சாண் உயர்ந்து, அடியில் குங்குமம் வைத்து, ஈரத்தில் இறுகிய மணலில் நின்றன. சிலவற்றில் என் துணியோடு வேறு மஞ்சள் துணிகளும் இருந்தன.

மீன்கார அக்கா மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து குடத்தோடு வந்தார்.

“வாங்கம்மா! புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?”

“ஊத்தியாச்சுங்க்கா. இதுக்கு ஏன் தண்ணி ஊத்துனீங்க?”

“நல்லா கேட்டீங்க! நீங்க புள்ளைக்கு நேந்துகிட்டு மஞ்சத்துணி கட்டிட்டுப் போயிட்டீங்க. அம்மை பாத்த வீட்லேர்ந்து நீங்க வர முடியுமா? அதான் நாங்க முறைபோட்டு ஊத்துனோம். எங்க நாத்தனாரும் ஒண்ணு கட்டிருக்கு, இடுப்பு வலிக்கு.”

“அந்தக் கொடி படர்ந்த செடிக்கு ஊத்தலையா?”

“அதுல துணி இல்லியே” என்றார், விவரம் தெரியாத பெண்ணிடம் பேசுவதுபோல.

வீட்டுக்கு வந்து அழுதேன். மாமியார் பதறிப்போய் என்ன ஏது என்று கேட்டார். முழுவதும் சொன்னேன். என் பட்டம் போகப்போகிறது என்பது அவர் காதில் விழவே இல்லை.

“சாவப்போற செடிக்கா என் கையால மஞ்சத்துணி கிழிச்சு வாங்கினே? அடிப்பாவி! அதான் ஆத்தா தண்ணி ஊத்த ஆளனுப்பிருக்கா.”

“அத்தை, அது அந்த மீன்காரக்கா…”

“ஆத்தா பின்ன தந்தியா குடுப்பா?”

கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “காத்துல துணி ஒண்ணுகூடப் பறக்கலையா?”

மறுநாள் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் வந்தார். அடும்பும் இல்லாமல் துணியும் இல்லாமல் ஏதாவது கன்று நிற்கிறதா என்று தேடினோம். ஓரத்தில் சில குச்சிகள் மணலுக்கு வெளியே முனையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. காற்று துணியைக் கொண்டுபோய்விட்ட மொட்டைக் கன்றுகள். அவற்றுக்கு யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. எல்லாம் செத்திருந்தன.

“செத்துட்டுங்க! எல்லாம் செத்துட்டு!” என்று நான் கத்தியதைக் கேட்டு, வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் துக்கம் விசாரிக்க ஓடிவந்தார்கள்.

பேராசிரியர் கொஞ்சம் முணுமுணுத்தார். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் உள்ளதை உள்ளபடி எழுது என்றார். எழுதினேன். கொடி உள்ளவை ஒரு வகை, ஒன்றும் இல்லாதவை ஒரு வகை, ‘உள்ளூர் மக்களால் நீர் ஊற்றப்பட்டவை’ மூன்றாம் வகை. வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, “உள்ளூர் மக்கள் ஏன் ஊற்றினார்கள்?” என்று கேட்டார்.

நல்ல ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லலாமென்று பார்த்தேன். “என் மகனுக்கு அம்மை போட்டிருந்தது” என்றுதான் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார். ஆய்வேடு தேறியது.

தேறாதது நான்தான். மீன்கார அக்கா இப்போதும் கூடையை இறக்கும்போதெல்லாம் கேட்கிறார்: “எப்பம்மா கூழ் ஊத்தப்போறீங்க? செலுத்தாம துணியை அவுக்கக் கூடாது, தெரியுமில்ல?” கன்றுகள் என்னைவிட உயரமாகிவிட்டன. தண்டு பருக்கப் பருக்க, துணி பட்டையை இறுக்குகிறது. அப்படியே விட்டால் மரம் நெரிபட்டுப் போகும். இது நான் படித்த படிப்பு. செலுத்தாமல் அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். இது நான் படிக்காதது. அவன் தும்மினால் எனக்கு இரண்டாவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

“வெட்டி எறி” என்கிறார் கணவர். “ஒரு பானை கூழ்தானே” என்கிறார் மாமியார். கூழ் ஊற்றலாம்தான். ஆனால் நேர்ந்துகொள்ளவே இல்லாமல், இவை சாகட்டும் என்று நட்டவள், எந்த முகத்தோடு ஆத்தா முன் பானையைத் தூக்கிக்கொண்டு போவேன்? போகாமல் இருந்தால், எனக்காகக் குடம் சுமந்த பெண்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், மரம் வளர்த்தவர்களும் இருப்பீர்கள். கூழ்ப்பானையை முதலில் எடுக்கட்டுமா, கத்தரிக்கோலையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். மரம் பருத்துக்கொண்டே இருக்கிறது.