ஐந்தாவது டயர்

நான் கை வைத்தால் கறை நிற்காது. திருப்பத்தூரில் இருபத்தெட்டு வருஷம் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தியபோது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இப்படிப் பீற்றிக்கொள்வேன். இப்போது பீற்றிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. கடையை மூடிவிட்டு மலைமேல் புதூர்நாட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முக்கால் ஏக்கர் நிலம், ஒரு வீடு, தகரக் கொட்டகையில் என்னைவிட வயதில் மூத்த ஒரு கார். மனைவி இறந்து இரண்டு வருஷம். மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது.

போன மாதம் வேலூரில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டப்போகிறார்கள் என்று அழைப்பு வந்தது. பரிசு எனக்குப் பெரிதில்லை. நாள் முழுக்க யாராவது காரைச் சுற்றிவந்து ஏதாவது கேட்பார்கள், நான் வாய் வலிக்கப் பதில் சொல்லலாம். அந்த ஆசைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசை இல்லை, பசி.

காருக்கு வெள்ளைப் பட்டை டயர். எட்டு வருஷம் முன்பு தேடி அலைந்து வாங்கிப் போட்டது. சும்மா நின்றாலே அந்த வெள்ளை பழுத்துவிடும். கறுப்பு ரப்பரில் இருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து வந்து மஞ்சளாக்கும். இரண்டு வருஷமாகக் கொட்டகைப் பக்கமே நான் போகாததால் நான்கும் நாள்பட்ட பல் மாதிரி ஆகியிருந்தன. நிழலில் உட்கார்ந்து, முதலில் கறுப்பை நனைத்து, பிறகு சோப்பும் கம்பி நாரும், கடைசியில் நைசான உப்புத்தாள். ஒரு நாளைக்கு ஒரு டயர். நான்கு நாள் யாரோடும் பேசாமல் தேய்த்தேன்.

இந்த டயர்களால்தான் எனக்கும் மனைவிக்கும் முறிந்தது. புதிதாகப் போட்ட வருஷம், ஆயுத பூஜையன்று, நான் குளித்துவிட்டு வருவதற்குள் நான்கு வெள்ளைப் பட்டைகளிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் சுண்டலுக்கு வந்து நின்றிருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இன்னா, மாட்டுப் பொங்கலா கொண்டாடற? கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிருவேன்" என்று கத்திவிட்டேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. திருப்பத்தூர் போக வேண்டுமென்றால் ஜீப். இருபது பேரோடு, பலாப்பழத்தோடும் கோழியோடும் நெருக்கிக்கொண்டு போவாள். முதலில் வீம்புக்கு விட்டேன். பிறகு ஜீப்பின் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆறு வருஷம் இப்படி. அவளுக்கு நெஞ்சு வலி என்று கடைசியாக மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போன அன்றும் அவள் கை காட்டியது ஜீப்பைத்தான். அன்றும் நான் பின்னால்தான் போனேன். கோபத்தோடேயே போய்விட்டாள் என்று இரண்டு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் ஸ்டெப்னி, டிக்கியில் கிடக்கும் மாற்று டயர். வேலூரில் டிக்கியைத் திறந்தும் பார்ப்பார்களாம். ஸ்டெப்னிக்குக் காற்று பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என் ஸ்டெப்னியின் மேல் போட்ட சாக்கை எட்டு வருஷமாக எடுத்ததில்லை. பஞ்சரே ஆகவில்லை, எடுப்பானேன்? அதுவும் என் ஓட்டும் திறமை என்றுதான் நினைத்திருந்தேன்.

ரோட்டையே பார்க்காத டயர், மற்ற நான்கையும்விட அதிகமாக மஞ்சளித்துக் கிடந்தது. திட்டுத் திட்டாக வேறு. சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். நுரை சிவந்தது. துரு என்று பார்த்தால், டயரில் ஏது துரு? கையைத் திருப்பிப் பார்த்தேன், காயமில்லை. சோப்புதான் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே இன்னும் போட்டேன். இன்னும் சிவந்தது. கறை என்னோடு மல்லுக்கு நின்றால் நான் விடுகிற ஆள் இல்லை. உப்புத்தாளை எடுத்து, மூன்று மணி நேரம், பட்டை பால் மாதிரி ஆகும்வரை தேய்த்துக் கழுவி, சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

பக்கத்து நிலத்துக்காரப் பெண் புளி உலுக்கிவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவளும் என் மனைவியும்தான் ஜீப்பில் சேர்ந்து போவார்கள். வாசலில் ஓடிய சிவப்புத் தண்ணீரைத் தாண்டாமல் நின்றுவிட்டாள்.

"யாருக்குங்கண்ணா ஆரத்தி?"

"ஆரத்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. டயர் கழுவுனேன். சோப்பு சரியில்ல, செவக்குது."

அவள் சிரித்தாள். "சோப்பு இன்னாங்கண்ணா பண்ணும்? மஞ்ச மேல சோப்பு பட்டா செவக்கும். ஒரு நாளாவது வூட்ல துணி தொவைச்சிருந்தா தெரியும்."

"மஞ்சளா?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. சுவரில் இருந்த டயரைப் பார்த்தாள். "டிக்கில இருந்ததா? அக்கா வெச்சதுங்கண்ணா. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு, நீங்க குளிக்கப் போனதும் டிக்கிய தொறந்து மஞ்ச வெக்கும். உள்ள கீற சக்கரத்த அவரு பாக்க மாட்டாருன்னு சொல்லும்."

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டேன். "எம்மேல கோவமாத்தான போனா?"

"கோவந்தான், இல்லாம? ஜீப்புல ஏறி மூஞ்சியத் திருப்பிக்குனு உக்காரும். அப்பறம் ஒவ்வொரு வளைவுலயும் என்னிய இடிக்கும், அவரு பின்னாடி வர்றாரா பாருன்னு. வர்றாருக்கான்னு நான் சொன்னாத்தான் மூச்சு விடும்."

அவள் சிவப்புத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, அதை மிதிக்காமல் போனாள்.

எழுந்துபோய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஸ்டெப்னியின் முன்னால் மண்டியிட்டு, பட்டை முழுக்க, ரப்பரும் வெள்ளையும் சேருகிற இடுக்கெல்லாம், விரலால் தடவித் தேடினேன். இரண்டாவது சுற்றும் தேடினேன். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. நான் கை வைத்தால் கறை நிற்காது.