காரணம்: அழகுக்காக

சிங்கராயரைப் போலப் பயந்த மனுஷனை ஏற்காட்டு மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. வயது ஐம்பத்தெட்டு. பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த மலையில்தான். ஆனாலும் சேலத்துக்குப் பஸ் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி, வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டேதான் இறங்குவார். "நீங்க கம்பியப் புடிச்சா பஸ்ஸு கவுறாதாக்கும்?" என்று மனைவி மரியபுஷ்பம் சிரிப்பாள். "புடிக்காம உட்டு, கவுந்துச்சுன்னா?" என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் யார் என்ன பேச முடியும்!

பயம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. கொட்டச்சேடு போகிற பாதையில் ஒரு காப்பி எஸ்டேட்டில், பழத்தின் தோலை உரிக்கிற மிஷினோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். அங்கே மனுவேல் என்று ஒரு கூட்டாளி. எஸ்டேட் குடியிருக்கக் கொடுத்த தன் லைன் வீட்டுச் சுவர் வெடித்திருக்கிறது, பூசித் தாருங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றான் மனுவேல். மேனேஜர் நேரில் வந்து பார்த்தார், "அடப்பாவமே" என்றுகூடச் சொன்னார். மறுநாள் காலையில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து கதவில் சிவப்புப் பெயிண்டால் 'குடியிருக்கத் தகுதியற்றது' என்று எழுதிப் பூட்டையும் போட்டுவிட்டார். மனுவேல் பெண்டாட்டி பிள்ளைகளோடும் சட்டி பானையோடும் மழையில் நின்றான். சுவரைப் பூசச் சொல்லப் போனவனுக்கு வீடே போயிற்று. வீட்டில் குறை என்று மேலிடத்தில் வாயைத் திறக்கவே கூடாது என்று அன்றைக்குச் சிங்கராயர் மனசில் எழுதி வைத்துக்கொண்டார்.

பிறகு எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றார்கள். காப்பிச் செடி நின்ற சரிவில் நாற்பது வில்லா எழும்பியது. சென்னைக்காரர்களும் சேலத்துக்காரர்களும் சனி ஞாயிறு வந்து போகிற வீடுகள். வேலைக்காரர்களுக்குக் கணக்கு முடித்தபோது, சிங்கராயருக்கு அவர் குடியிருந்த ஓட்டு வீட்டையே பட்டா போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வீடு வில்லா காலனியின் கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. ஆகவே அவரும் காலனி வீட்டுக்காரர்கள் சங்கத்தில் ஒரு உறுப்பினர். பத்துப் பக்க விதிமுறையில் பயந்து பயந்து கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: எல்லா வீட்டுக்கும் சிவப்பு ஓடுதான் கூரை, அதை மாற்றுவதானால் சங்கத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரு டாக்டர் கேட்காமல் நீல ஷீட் போட்டு, அதைச் சங்கத்தார் ஆள் விட்டுப் பிரித்து இறக்கியதை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். டாக்டருக்கே அந்தக் கதி என்றால் சிங்கராயர் எந்த மூலைக்கு?

இந்த வருஷம் புரட்டாசியில் மகள் ஜெஸ்லின் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மூன்று மாதம் கழித்து அழைத்துப் போவதாகப் பேச்சு. வீடு என்பது ஒரு கூடமும் ஒரு அடுப்படியும்தான். கூடத்து விட்டத்தில் மரியபுஷ்பம் தன் கல்யாணச் சேலையைத் தூளியாகக் கட்டினாள். பேத்தி மகாராணி தூளியில் போட்டால்தான் தூங்குவாள், கட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுவாள்.

குழந்தை பிறந்து இருபதாம் நாள், ஒழுகுகிற ஓடுகளை மாற்றலாம் என்று தச்சு வேலை செய்கிற ஐயாக்கண்ணுவைக் கூட்டி வந்தார் சிங்கராயர். பெண்கள் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போயிருந்த நேரம். ஐயாக்கண்ணு ஏணியில் ஏறி விட்டத்தைத் தட்டினான். ஒரு இடத்தில் தட்டிவிட்டு நின்றான். உளியை வைத்து லேசாக அழுத்தினான், அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

"ஏனுங்க, உள்ளார அத்தனையும் கரையான் தின்னுருச்சுங்க. இந்தப் பக்கம் விரிசலும் உட்ருக்குது. ஓடு மழைத்தண்ணியக் குடிச்சா நொம்பக் கனக்கும். ஐப்பசி மழை நாலு நாளு சேர்ந்தாப்புல புடிச்சா தாங்காதுங்க. ஓட்டை எறக்கிப்போட்டு, இரும்புக் குழாயும் ஷீட்டுமாப் போட்டுருங்க. சீக்கிரமாப் பண்ணுங்க."

 சிங்கராயரின் பார்வை விரிசலிலிருந்து இரண்டு முழம் தள்ளித் தொங்கிய தூளிக்குப் போனது. "இத வெளிய சொல்லாத ஐயாக்கண்ணு," என்றார். "நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். மறுநாளே ஏரிப்பக்கம் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து சங்கத்து விண்ணப்பத்தை நிரப்பினார். பெயர், வீட்டு எண், பழைய கூரை, புதுக் கூரை எல்லாம் சரியாகத்தான் எழுதினார். 'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. விட்டம் உடைந்திருக்கிறது என்று எழுதலாம். எழுதினால்? மனுவேல் வீட்டுக் கதவில் பார்த்த சிவப்பு எழுத்து கண்முன் வந்து நின்றது. பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது? அந்தக் கட்டத்தில் 'அழகுக்காக' என்று எழுதிவிட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெள்ளைக் காகிதமே பேயாகிவிட்டது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கேட் வாட்ச்மேன் பெரியசாமி கொண்டுவந்து கொடுத்தார். 'கூரையின் தோற்றம் தொடர்பான கோரிக்கை என்பதால் தை மாதப் பொதுக்குழுவில் வைக்கப்படும்.' சிங்கராயர் அதை மூன்று முறை படித்தார். ஐப்பசியே இன்னும் பாதி ஓடவில்லை, தையாம் தை!

"ஏனுங்க பெரியசாமி, லெட்டரு இல்லாம ஷீட்டு வண்டிய உள்ள உட மாட்டீங்களா?"

"என்னுங்க நீங்க, அந்த டாக்டர் வண்டிய உட்டதுக்கே எனக்கு மெமோ குடுத்தாங்க. எம்பொழப்பக் கெடுத்துராதீங்க சாமி," என்று கும்பிட்டுவிட்டார் பெரியசாமி.

அன்றிலிருந்து அந்த மனுஷன் பட்ட பாட்டை எழுதினால் கல்லும் கரையும், ஆனால் கோபமும் வரும். விரிசலைச் சுற்றிச் சணல் கயிற்றை வரிந்து கட்டினார். என்னப்பா இது என்று ஜெஸ்லின் கேட்டதற்கு, எறும்பு ஏறாமல் இருக்க வேப்பெண்ணெயில் நனைத்துக் கட்டியது என்றார். விட்டத்துக்கு அடியில் ஒரு சில்வர் ஓக் மரக் கம்பத்தை முட்டுக் கொடுத்தார். மழைக்காலத்தில் துணி காயக் கொடி கட்டத்தான் என்றார். அந்தப் பிள்ளையும் நம்பி, குழந்தையின் துணிகளை அதில் வரிசையாகக் காயப்போட்டது.

"தூளி வேண்டாம் கண்ணு, புள்ளைக்குக் கழுத்துப் புடிச்சுக்கும்," என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார்.

மரியபுஷ்பத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆமா, இவரு மூணு புள்ளை பெத்து எடுத்தவரு! ஜெஸ்லினு எதுல தூங்கி வளந்தா? போங்க, போய் வேற சோலியப் பாருங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் மரியபுஷ்பம் சும்மா இருப்பாளா? நேரே சங்கத்துக்குப் போய் ஒப்பாரி வைப்பாள், கதவுக்குப் பூட்டு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டார். வெயில் அடித்தால் கொஞ்சம் சோறு இறங்கும். வெள்ளைக்கடை ஊர்ப் பக்கம் மேகம் கறுத்தால் போதும், கையைக் கழுவிவிட்டு எழுந்து தூளிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். தூளி ஆடும்போதெல்லாம் விட்டத்தையே பார்ப்பார். பேத்தி மேல் எவ்வளவு பாசம் என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள்.

அதே ஐப்பசியில் ஒரு வெள்ளி மாலையில் மழை பிடித்தது. சனிக்கிழமை முழுக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. குடையை மடக்கியபடி சங்கீதா உள்ளே வந்தார். சங்கத்தின் செயலாளர் அவர்தான். சேலத்தில் பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் குழந்தைக்கு ஒரு சின்னக் கம்பளிக் குல்லாய் வைத்திருந்தார். சிங்கராயர் எழுந்து நின்று லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உட்காருங்க சிங்கராயர். குட்டிப் பாப்பாவைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். உங்க விண்ணப்பம் என் கிட்டதான் இருக்கு. பொதுக்குழுவுல மொதல் விஷயமா வெக்கறேன். அதுவரைக்கும் அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"அவசரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்," என்றது சிங்கராயரின் வாய்.

 இப்போது சொல்லாவிட்டால் எப்போது? கேட்கிற மனுஷி எதிரிலேயே நிற்கிறார். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்போது மேலே 'சடக்' என்று ஒரு சத்தம். மழை இரைச்சலில் பெண்கள் யாருக்கும் கேட்கவில்லை. தூளிச் சேலையின் மேல் ஒரு சிட்டிகை மரத்தூள் உதிர்ந்தது.

ஜெஸ்லின் பால் கொடுத்து முடித்துக் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே வந்தாள். தூளைப் பார்த்து, "தூசி கொட்டுது பாரு," என்று கையால் தட்டிவிட்டாள். தூளியை ஒரு கையால் விரித்தாள். குழந்தையை உள்ளே இறக்கக் குனிந்தாள்.

"போடாத!"

அந்த வீட்டில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. குழந்தை வீறிட்டது. சிங்கராயர் பாய்ந்து தூளியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார். 

"போடாத கண்ணு, போடாத! விட்டம் ஒடஞ்சு கெடக்குது. கரையான் தின்னுருச்சு. எனக்குப் பயமா இருக்குதுங்க மேடம், நொம்பப் பயமா இருக்குது. எழுதுனா ஊட்டப் பூட்டிருவீங்கன்னு எழுதலீங்க. இந்தப் புள்ளைய வெச்சுட்டு நான் எங்கீங்க போவேன்?"

எல்லோரையும் அடுப்படிப் பக்கம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, சங்கீதா ஸ்டூலில் ஏறி செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். சணலை விலக்கியதும் விரிசலுக்குள் அவருடைய விரலே நுழைந்தது. இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"உங்க வீட்டை யாருங்க பூட்டுவாங்க? பட்டா உங்க பேருல இருக்கு! உயிருக்கு ஆபத்துன்னு ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே நான் ஒருத்தியே கையெழுத்துப் போட்டிருப்பேன். அதுக்குக் கூட்டமே வேண்டாம்னு விதி இருக்கு. நீங்க என்னடான்னா அழகுக்காகன்னு எழுதி வெச்சிருக்கீங்க!"

கையோடு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடியில் வைத்தே அனுமதிக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். நாளைக் காலையில் ஷீட் வண்டி வரலாம் என்று பெரியசாமிக்கும் போன் போட்டுச் சொன்னார். கூரை முடிகிற வரைக்கும் எல்லோரும் தன் வில்லாவில் தங்கிக்கொள்ளலாம் என்றார். சிங்கராயர் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெஞ்சின் மேலிருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்புமாக மகளைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெஸ்லின் சிரிக்கவில்லை. சணல் கயிற்றையும், துணி தொங்கிய கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாப்பா தெரியும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தார். "இருவத்தி மூணு நாளாச்சு சாமி."

"அம்மாவுக்கு?"

மரியபுஷ்பம் இல்லை என்று தலையை ஆட்டினாள். 

ஜெஸ்லின் திட்டியிருந்தாலாவது சிங்கராயருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கொடியிலிருந்து குழந்தைத் துணிகளை உருவினாள், காய்ந்ததும் காயாததுமாகப் பையில் திணித்தாள், கம்பளியை எடுத்துக் குழந்தையைச் சுற்றினாள். மரியபுஷ்பம் பாத்திரத்தையும் வெந்நீர் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வாசலில் மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. படி வழுக்கும். ஜெஸ்லின் செருப்பு மாட்டக் குனிய வேண்டும், கையில் பிள்ளை இருந்தது.

"எங்கிட்டக் குடு கண்ணு, நாந் தூக்கிக்கறேன்," என்று சிங்கராயர் இரண்டு கையையும் நீட்டினார்.

ஜெஸ்லின் அந்தக் கைகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "மேடம், கொஞ்சம் புடிங்க," என்று குழந்தையைச் சங்கீதாவிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.