கொசு மனுவும் பட்டுப்புழுவும்

தெருவில் கொசு மருந்துப் புகை அடிப்பதற்கு முன் வீடு வீடாகத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. காலமெல்லாம் அரசு அலுவலகத்தில் கழித்த எனக்கு அது மனப்பாடம்.

ஓய்வுக்குப் பின் உடுமலைப்பேட்டை அருகே குடிவந்தேன். கொசுத் தொல்லை. மனு கொடுத்தேன், நகல் மூன்று பேருக்கு. பதில் இல்லை. பொறுமையிழந்து, முன்பு என்னிடம் எழுத்தராக இருந்து, இப்போது இங்கே சுகாதாரப் பிரிவில் இருப்பவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"நாளைக்குக் காலையிலயே வண்டி வந்துருமுங்க சார்," என்றார். நிம்மதியாகத் தூங்கினேன்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி கொட்டகையில் பட்டுப்புழு வளர்ப்பவர். புழுக்கள் கூடு கட்ட இன்னும் இரண்டே நாள். காற்றுக்காகச் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். மறுநாள் காலை, யாருக்கும் தகவல் சொல்லாமல் வந்த வண்டியின் புகை உள்ளே போனது. மதியத்துக்குள் தட்டுத் தட்டாகப் புழுக்கள் சுருண்டு செத்தன.

என் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க சார், வண்டி வாரது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியும் அம்மணி. ஆனா தகவல் சொல்ல வேண்டியது ஆபீஸ்காரங்க..."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா சன்னலைச் சாத்தியிருப்பேனுங்க."

சத்தம் போடாமல் திரும்பிப் போனார். விதிப்படி நான் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது இடுப்புயரச் சுவர். எத்தனையோ கோப்புகளில் பிறர் தவறைத் தேடிப் பிடித்தவன் நான். இதில் என்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

மனுவுக்குப் பதில் ஒருவழியாக வந்தது. 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.' ஈஸ்வரி பட்டுக்கூடுகளைச் சந்தைக்குக் கொண்டு போயிருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை அது.