மாமரத்தடியில் பக்கத்து வீட்டு லில்லி

பாகாயத்தில் எங்கள் மாமரத்தின் கிளைகள் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் நீண்டிருந்தன. சருகு கொட்டுகிறதென்று அந்த வீட்டு அக்கா ஓயாமல் சண்டை போட்டார். பேஜார் தாங்காமல் கிளைகளை வெட்டிவிட்டோம். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அந்த நிழலில்தான் அவர் ஃபுட்பால் லில்லி வளர்த்துவந்தார். ஆண்டுக்கு ஒருமுறை சிவப்புப் பந்துபோலப் பூக்கும் கிழங்குச் செடி. அந்தக் கோடையில் அதன் இலைகள் கருகின. மதிலுக்கு மேலாகப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து வேலை முடிந்து வந்தேன். அக்கா எங்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து, ஒட்டிக்கிடந்த கிழங்குகளை வேர் அறாமல் பிரித்து நட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? எங்க பக்கம் வெயில் ஜாஸ்தி. இதுக்கு நெழல் வேணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உங்கூடத்தான் நான் பேசறதில்லையே" என்று சொல்லி, எங்கள் குழாயிலேயே கை கழுவிவிட்டுப் போனார்.

வைகாசியில் பூத்தது. அக்கா தினமும் கேட்டைத் திறந்து வந்து தண்ணீர் ஊற்றுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று நானே ஊற்றினேன். "ஜாஸ்தி ஊத்தாத, அழுகிப்போய்டும்" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"நாங்க ராசியாயிட்டமா, இல்லியா?" என்று கணவரிடம் கேட்டேன்.