கரையில் நின்ற படகின் அபாய அழைப்பு

பெங்களூரில் கடல் ஏது என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். என் மேசைக்கு அது தினமும் வருகிறது. நடுக்கடலில் ஒரு மீனவர் அபாயக் கருவியை அழுத்தினால், அந்தச் செய்தி செயற்கைக்கோள் வழியாக நான் வேலை பார்க்கும் அறைக்கு வந்து விழும். கடலோரக் காவல் படைக்கு உடனே தகவல் போகும். படகின் உரிமையாளரைக் கூப்பிட்டு விசாரிப்பது என் வேலை. கருவியைக் கழுவும்போது கை பட்டு அலறவைப்பவர்கள் ஏராளம். உரிமையாளர் ஒன்றுமில்லை என்றால், மீட்கப் போன கப்பல் திரும்பிவிடும்.

அன்று காலை ஆழ்கடலிலிருந்து வந்த ஓர் அபாய அழைப்பைப் பற்றிக் கேட்டதற்கு, படகின் உரிமையாளர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"என் போட்டு கரையிலதாங்க நிக்குது. பெயிண்ட் அடிச்சிட்டிருக்கேன்."

"ஆயித்து மேடம், முடிஞ்சுது, க்ளோஸ் பண்ணிடுங்க. டீ ஆறுது" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். கருவி முதல் தடவை இடத்தைத் தப்பாகக் காட்டுவதும் உண்டுதான். ஆனால் அடுத்த செய்தியிலும் அதே ஆழ்கடல். எனக்குச் சுருக்கென்றது.

"போட்டு கரையில இருக்கட்டும் சார். அந்த அபாயப் பெட்டி எங்க இருக்கு?"

மறுமுனையில் பிரஷ் கீழே விழும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி புருஷன் கேட்டாருன்னு குடுத்தனுப்பினேன். அவரு பெட்டி ரிப்பேரு. ஐயோ, ஆறு பேரு போயிருக்காங்கம்மா!"

கருவி ஒரு படகின் பெயரில், ஆபத்து இன்னொரு படகில்! குழம்புக்குப் புளி கொடுப்பது மாதிரியா இதைக் கொடுப்பார்கள்? திட்ட நேரமில்லை. கப்பலைத் திருப்பாதீர்கள், ஆறு பேர் இருக்கிறார்கள் என்று காவல் படையிடம் கிட்டத்தட்டக் கத்தினேன்.

பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. ரோந்திலிருந்த அந்தக் கப்பல் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்று மணிக்குச் செய்தி வந்தது: கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களைத் தூக்கிவிட்டார்கள். ஆறு பேர். ஆறு பேரும் உயிரோடு!

அறையே கைதட்டியது. டீக்கு அவசரப்பட்டவர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். நான் உடனே உரிமையாளருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆறு பேரும் கப்பல்ல இருக்காங்க சார். நல்லா இருக்காங்க!"

அவர் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு, அனுமதி கேட்பவர் போலக் கேட்டார்.

"தங்கச்சிகிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லலைங்க. மீன் விக்க உக்காந்திருக்கா. இப்ப சொல்லலாமா?"

"ஓடுங்க சார், ஓடுங்க!"